புதுக்கடை மொடெமும் அம்மாமாரின் கடிதங்களும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவிகள் சங்கத்தின் அந்நாள் மின்னஞ்சல் குழுவினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)





"புதுக்கடையில் நீங்கள் நடத்திய ஈமெயில் வேலையைப் பற்றிக் கதையுங்கோ" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். அதைத் தொண்டு என்றும் சேவை என்றும் ஆண்டறிக்கைகளில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அந்தச் சொற்கள் எங்களுக்குச் சற்றுப் பெரிய சட்டைகள். நாங்கள் இன்று ஒரு கம்பியைப் பற்றிக் கதைக்கிறோம். கணனியின் முதுகிலிருந்து மேசையில் கிடந்த மொடெமுக்குப் போன, ஒரு முழம் நீளமான கம்பி. அதில் என்ன வேகத்தை வைப்பது என்ற கேள்விதான் சங்கத்தின் தொலைபேசிக் கட்டணத்தைத் தீர்மானித்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனை அம்மாமாருக்கு மறுநாள் காலையில் கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதையும் அதுவே தீர்மானித்தது.

இளைய மாணவிகளுக்காகக் கொஞ்சம் பின்னணி. புதுக்கடையை ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என்பார்கள். 1656இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயர் அது. ஒல்லாந்தர் போனபின்பும் கந்தோர் என்ற அவர்களுடைய சொல் எங்கள் வாயில் தங்கிவிட்டது. உயர் நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் அங்கேதான். தெருவெங்கும் அப்புக்காத்துமாரின் கந்தோர்கள், தட்டச்சுக்காரர்கள், முத்திரை விற்பவர்கள். அப்படியொரு கந்தோரில் எங்களில் சிலர் வேலை பார்த்தோம். நீதிமன்றம் கலைந்து, கட்சிக்காரர்கள் போய், மேசைகள் வெறுமையான பிறகு, அங்கிருந்த கணனியையும் ஒரு தொலைபேசி இணைப்பையும் மாலையில் சங்கம் பயன்படுத்தலாம் என்று கந்தோர் ஐயா அனுமதி தந்தார். ஒரு நிபந்தனைதான்: அழைப்புச் செலவைச் சங்கம் கட்ட வேண்டும்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. பிள்ளைகள் ரொறொன்ரோவில், லண்டனில், ஒஸ்லோவில். அம்மாமார் கொழும்புக்கு வந்து, விசாவுக்காக லொட்ஜ் அறைகளில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வெளிநாட்டு அழைப்பு எடுத்தால் சுகம் கேட்டு முடிவதற்குள் காசு முடிந்துவிடும். வான்கடிதம் போய்ப் பதில் வர வாரங்கள். மின்னஞ்சல் என்பது 1990இலேயே பல்கலைக்கழகங்களுக்குள் வந்துவிட்டது. மொறட்டுவையில் அதற்காக உழைத்தவர்கள் சாதாரணத் தொலைபேசி இணைப்புகளைக் கொண்டே கடிதங்களைச் சேர்த்துவைத்து அனுப்பினார்கள். 1995இல் காசு கட்டி யாரும் பெறக்கூடிய இணையச் சேவை கொழும்பில் தொடங்கியது. அந்த வருடக் கடைசியில் சங்கமும் ஒரு கணக்கு எடுத்தது. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவிகள் தங்கள் தாய்மாருக்கான கடிதத்தைச் சங்க முகவரிக்கு எழுதுவார்கள். நாங்கள் இறக்கி, அச்செடுத்து, உறையில் போட்டு, பெயர் எழுதி, லொட்ஜ் லொட்ஜாகக் கொடுப்போம். பதிலைக் கையால் எழுதித் தருவார்கள். நாங்கள் தட்டச்சுச் செய்து அனுப்புவோம். சிலர் பாமினி எழுத்துருவில் தமிழாகவே எழுதினார்கள். சிலர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். அவற்றை நாங்கள் சத்தமாக வாசித்துத் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. மெல்ல வாசித்தால் ஒன்றும் விளங்காது.

இனிக் கம்பிக்கு வருவோம்.

கணனி ஒரு 486. மொடெம் வெளியே வைக்கும் வகை, 28,800 வேகம். 1994இல் வந்த வி.34 என்ற தரத்தைச் சேர்ந்தது. அன்றைக்கு நல்ல சாமான். கணனி விற்ற கடையிலிருந்து வந்த தம்பி எல்லாவற்றையும் பொருத்தி, சீரியல் போர்ட்டின் வேகத்தை 19,200 என்று வைத்துவிட்டுப் போனார். அவர் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மொடெம் 28,800. கணனியின் பட்டியலில் 28,800 என்று ஒன்றில்லை. 19,200 இருக்கிறது, அடுத்தது 38,400. மொடெம் தாங்குவதைவிடக் கூட்டி வைத்தால் எழுத்துகள் சிந்திவிடும், ஆகவே குறைந்ததை வைப்பதுதான் பாதுகாப்பு என்றார். கொழும்பில் அப்போது பலருடைய வீடுகளிலும் கந்தோர்களிலும் இதே காரணத்துக்காக இதே எண்தான் இருந்தது. 1,200, 2,400 வேக மொடெம்களில் பழகியவர்களின் பாடம் அது. அந்த மொடெம்கள் வாங்கியதை வாங்கியபடியே கம்பியில் தள்ளிவிடும். தொலைபேசியில் 2,400 என்றால் கணனியிலும் 2,400. அந்தக் காலத்துக்கு அது சரியான பாடம்.

முதலாவது மாதத் தொலைபேசிக் கட்டணம் வந்தபோது பொருளாளர் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார். சங்கத்தின் கையிருப்பு அப்படி ஓடினால் நான்கு மாதம் தாங்காது. "கடிதத்தைக் குறையுங்கோ, அல்லது கிழமையில் ஒருநாள் மட்டும் எடுங்கோ" என்றார். இரண்டுக்கும் எங்களுக்கு மனமில்லை.

எங்களோடு இருந்த கணித டீச்சர்தான் கடிகாரத்தை எடுத்தார். ரொறொன்ரோவிலிருந்து ஒரு கலியாணப் படம் வந்திருந்தது. சுமார் 100 கிலோபைட். அது இறங்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. அன்று மொடெம்கள் இரண்டும் தமக்குள் பேசி முடிவுசெய்த வேகம் 26,400. டீச்சர் பழைய வழக்குத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

கணனியிலிருந்து தொலைபேசி வரைக்கும் வழி ஒன்றென்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு. ஒன்று, எங்கள் மொடெமுக்கும் சேவை நிலையத்து மொடெமுக்கும் இடையில், தெருவிலுள்ள செப்புக் கம்பி. அங்கே என்ன வேகம் என்பதை அழைக்கும் ஒவ்வொரு முறையும் மொடெம்கள் தாமே தீர்மானிக்கும். அந்தக் கீச்சுச் சத்தமெல்லாம் அந்தப் பேரம்தான். நல்ல நாளில் 28,800, மழை பெய்து கம்பி நனைந்தால் 24,000 அல்லது 21,600. எங்களுக்கு அதில் கையில்லை. மற்றது, மொடெமுக்கும் கணனிக்கும் இடையிலுள்ள அந்த ஒரு முழக் கம்பி. அதன் வேகத்தை நாங்கள்தான் வைக்கிறோம், வைத்தபடியே நிற்கும்.

இந்த இரண்டு வழியிலும் ஒரு எழுத்து ஒரே பொதியாகப் போவதில்லை. சீரியல் கம்பியில் ஒவ்வொரு எழுத்தின் 8 பிட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட். ஆக 10. எனவே 19,200 என்றால் விநாடிக்கு 1,920 எழுத்துகள். ஆனால் பிழை திருத்தும் வி.42 முறையில் ஓடும் மொடெம்கள் அந்த முன் பிட்டையும் பின் பிட்டையும் கழற்றி எறிந்துவிட்டு 8 பிட்டை மட்டும் அனுப்புகின்றன. 26,400ஐ 8ஆல் பிரித்தால் 3,300. கட்டுச் செலவுக்குக் கொஞ்சம் கழித்தாலும், தெருக் கம்பியில் 3,000க்கு மேல் வந்துகொண்டிருந்தது. மேசைக் கம்பியில் 1,920தான் உள்ளே போனது.

புறக்கோட்டைக்கு லொறி வருகிறது, மூட்டையை இறக்க இரண்டு நாட்டாமிமார்தான் நிற்கிறார்கள் என்று வையுங்கள். லொறி எவ்வளவு வேகமாக வந்தென்ன? தெருவில் நின்று வாடகை ஏறும். எங்களுக்கு ஏறியது தொலைபேசி யூனிட்.

100 கிலோபைட்டை 1,920ஆல் பிரித்தால் 53 விநாடி. 3,300ஆல் பிரித்தால் 31. டீச்சரின் கடிகாரம் சரியாகச் சொல்லியிருந்தது. நாங்கள் கட்டிய கட்டணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் காத்திருப்பு.

இது படத்தின் கணக்கு. கடிதத்தின் கணக்கு இன்னும் மோசம். வி.42பிஸ் என்ற முறையில் மொடெம்கள் போகும்வழியிலேயே எழுத்தைச் சுருக்கி அனுப்பி, மறுபக்கத்தில் விரிக்கின்றன. படம் ஏற்கெனவே சுருங்கியது, அதற்குப் பயனில்லை. வெறும் எழுத்தாக வரும் கடிதமோ சாதாரணமாகப் பாதியாகச் சுருங்கும். "அம்மா", "சுகமா", "யோசிக்க வேண்டாம்" என்று ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் கூடச் சுருங்கும். (அந்தக் கடிதங்கள் எல்லாவற்றிலும் வந்த சொற்கள் அவைதான்.) அப்படியானால் தெருவில் 3,300ஆக வருவது மொடெமுக்குள் விரிந்து 6,600 ஆகிறது. அதைக் கணனிக்குள் தள்ள 66,000 வேகமாவது வேண்டும். பட்டியலில் அதற்கு மேலே இருப்பது 115,200. மொடெம் புத்தகங்கள் சொன்ன விதியும் இதுதான்: மொடெமின் வேகத்தை நான்கால் பெருக்கி போர்ட்டில் வை. 14,400 மொடெமுக்கு 57,600. 28,800 மொடெமுக்கு 115,200. பின்னர் 56,000 மொடெம் வந்தபோதும் மேசைக் கம்பியில் 115,200தான்; சாதாரணப் போர்ட் அதற்குமேல் போகாது.

அப்படியென்றால் எழுத்து சிந்தாதா? கடைத் தம்பியின் பயம் முழுவதும் வீணல்ல. கணனி 11,520 எழுத்தை ஒரு விநாடியில் தள்ள, மொடெம் 3,300ஐத்தான் தெருவில் விட முடியுமென்றால் மிச்சத்தை எங்கே வைப்பது? அதற்கு மொடெமில் ஒரு சிறு களஞ்சியம் உண்டு. அது நிரம்பும்போது மொடெம் கையைக் காட்டி "பொறு" என்று சொல்ல வேண்டும். அந்தக் கைக்காட்டலுக்கென்றே கம்பியில் இரண்டு தனி இழைகள் உள்ளன, ஆர்.ரி.எஸ்., சி.ரி.எஸ். என்பார்கள். விண்டோஸ் 95இல் அது "ஹார்ட்வேர்" என்ற பெயரில் ஒரு தெரிவாக இருக்கும். பக்கத்திலேயே "சொஃப்ட்வேர்" என்று இன்னொன்று. அதில் "பொறு", "அனுப்பு" என்பவையும் எழுத்துகளாகவே கடிதத்தோடு கலந்து போகும். படத்துக்குள் தற்செயலாக அதே எழுத்து வந்தால் மொடெம் அதைக் கட்டளை என்று நினைத்து நின்றுவிடும். ஆகவே ஹார்ட்வேர். மலிவான கம்பி வாங்கினால் அந்த இழைகள் சிலவேளை உள்ளே இருக்காது. அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது பயம் கணனிப் பக்கத்தில். 115,200இல் 87 மைக்ரோவிநாடிக்கு ஒரு எழுத்து வந்து கதவைத் தட்டும். பழைய கணனிகளில் வாசலில் நின்ற சிப் 8250 அல்லது 16450. அதற்கு வாசலில் ஒரு எழுத்துக்குத்தான் இடம். கணனி அந்த நேரத்தில் டிஸ்கில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தால், முதல் எழுத்தை எடுக்குமுன் அடுத்தது வந்து அதன்மேல் விழும். கடிதத்தில் எழுத்து காணாமல் போகாது; இணைய முறை பிழையைக் கண்டுபிடித்து அந்தப் பொட்டலத்தையே திரும்பக் கேட்கும். ஆனால் திரும்பக் கேட்டால் திரும்ப யூனிட். 16550ஏ என்ற சிப்பில் 16 எழுத்துக்கு இடமிருக்கிறது. கணனி ஆறுதலாக வந்து அள்ளிக்கொள்ளலாம். எது இருக்கிறது என்று பார்க்க டொஸ்ஸில் எம்.எஸ்.டி. என்ற சிறு நிரல் போதும். எங்கள் கந்தோர்க் கணனியில் அது பழைய வகைச் சிப் என்று காட்டியது.

டீச்சர் உடனே 38,400க்கு மாற்றினார். விநாடிக்கு 3,840 எழுத்து. படத்துக்கு அது போதும், பழைய சிப்பும் தடுமாறாமல் தாங்கியது. அடுத்த கிழமை கொம்பனித்தெருவிலிருந்து வந்த ஒரு பழைய மாணவி, 16550 சிப் உள்ள ஒரு கார்ட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். யாரிடம் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அன்றிரவே 115,200.

அடுத்த மாதக் கட்டணத்தைப் பார்த்த பொருளாளர் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் பிளேன்டீ எடுப்பித்தார்.

1996 ஜனவரி 31, புதன்கிழமை, கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. புதுக்கடை அங்கிருந்து நடக்கக்கூடிய தூரம். தொண்ணூறு பேரளவில் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். தொலைபேசி இணைப்புகள் நெரிந்து கிடந்தன. வெளிநாட்டில் செய்தி கேட்ட பிள்ளைகள் தாய்மாரை எடுக்க முடியாமல் சங்க முகவரிக்கு எழுதத் தொடங்கினார்கள். மறுநாள் மாலையில் நாங்கள் கந்தோருக்கு வந்து அழைத்தோம். பல முறை அழைத்த பிறகு இணைப்புக் கிடைத்தது. ஒரு நிமிடமும் தாங்காமல் அறுந்தது. திரும்ப அழைத்தோம், திரும்ப அறுந்தது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு கடிதம் உள்ளே வருகிறது என்பதுதான் அன்றைய கணக்கு. எல்லாம் வெறும் எழுத்து. சின்னச் சின்னக் கடிதம். "அம்மா எங்கே நிற்கிறா, உடனே அறிவியுங்கோ" என்ற இரண்டு வரிக் கடிதம். சுருங்கி வந்து, மொடெமில் விரிந்து, 115,200இல் கணனிக்குள் விழுந்தன. அப்படி நாற்பது கடிதம் ஒரு 80 கிலோபைட் என்று வையுங்கள். பழைய எண்ணில் அதற்கு 43 விநாடி. புதிய எண்ணில் 15க்குள். சேவை நிலையத்தோடு பேசும் நேரத்தையும் கூட்டினால் கணக்கு இவ்வளவு நேராக வராது என்று டீச்சர் இப்போதும் சொல்வார். ஆனால் அறுந்து அறுந்து வரும் இணைப்பில் அந்த வித்தியாசம் என்னவென்று அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இரவில் தெருவில் நடமாட முடியாது, சோதனை கடுமை. காலையில் விடிந்ததும் உறைகளைப் பிரித்துக்கொண்டு இரண்டு பேர் கொட்டாஞ்சேனைக்கும் மூன்று பேர் வெள்ளவத்தைக்கும் போனோம். அந்த அம்மாமார் சொன்ன பதில்கள் பெரும்பாலும் ஒரே சொல்தான்: இருக்கிறேன். அன்று மாலையே அதை அனுப்பினோம். அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்து அடுக்கி வைத்துக்கொண்டுதான் அழைப்போம். இணைப்பில் இருந்துகொண்டு யோசித்து எழுதும் ஆடம்பரம் எங்களுக்கு இருந்ததில்லை.

ஒரு சின்ன விஷயம், வெளிநாட்டிலிருந்து வந்து "எங்கட வீட்டு மொடெம் 115,200இல் கனெக்ட் ஆகிறது" என்று அந்நாளில் பெருமைப்பட்ட சகோதரிகளுக்காக. திரையில் வரும் அந்த எண், பல மொடெம்களில் மேசைக் கம்பியின் வேகம்தான். தெருக் கம்பியின் வேகத்தைக் காட்டும்படி மொடெமுக்குத் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். உங்கள் பெருமையை அன்றே கெடுக்க வேண்டாமென்று பேசாமல் இருந்தோம்.

இப்போது இதை ஏன் சொல்கிறோம் என்று கேட்பீர்கள். அந்தக் கணனி இன்னும் இருக்கிறது. கந்தோர் இடம் மாறியபோது ஐயா அதைச் சங்கத்துக்கே தந்துவிட்டார். பற்றரி செத்து, திகதி தெரியாமல் எழும்புகிறது, ஆனால் எழும்புகிறது. அதற்குள் 1995 கடைசியிலிருந்து 2001 வரை வந்த, போன கடிதங்கள் எல்லாம் கிடக்கின்றன. பிளொப்பி டிரைவ் பழுது. டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் பொருத்தலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஓடுகிற டிஸ்கைக் கழற்றி அது ஓடாமல் போனால் என்ன செய்வது என்பது எங்கள் பயம். ஆகவே அதன் முதுகிலுள்ள அதே சீரியல் போர்ட்டுக்கும், யூ.எஸ்.பி. மாற்றி பொருத்திய ஒரு மடிக்கணனிக்கும் இடையில் நேரடிக் கம்பி கட்டி, இசட்மொடெம் முறையில் எடுக்கப் போகிறோம். இந்த முறை நடுவில் மொடெம் இல்லை, களஞ்சியமும் இல்லை. ஆகவே இரு பக்கமும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும்: இங்கே 115,200 என்றால் அங்கேயும் 115,200, 8 பிட், பரிட்டி இல்லை, ஒரு முடிவு பிட், ஹார்ட்வேர் கைக்காட்டல். அனுப்பும் இழையும் பெறும் இழையும் மாறிக் கட்டிய கம்பியாகவும் இருக்க வேண்டும். எல்லாமாக 40 மெகாபைட் அளவு. விநாடிக்கு 11,520 எழுத்து என்றால் ஒரு மணித்தியாலம். தடங்கல்களோடு ஒரு பின்னேரம்.

அதற்கு முன்னால் உங்கள் சம்மதம் வேண்டும். அவை சங்கத்தின் கடிதங்கள் அல்ல. உங்களுடையவை, உங்கள் அம்மாமாருடையவை. பலர் இன்று இல்லை. சில கடிதங்களில் கடன் இருக்கிறது, கோபம் இருக்கிறது, தகப்பனுக்குச் சொல்ல வேண்டாம் என்ற செய்தி இருக்கிறது. தட்டச்சுச் செய்தவர்கள் என்பதால் எங்களுக்குத் தெரியும்; நாங்கள் ஒருவரிடமும் சொன்னதில்லை. எடுத்த பின் ஒவ்வொருவருடைய கடிதத்தையும் அவரவருக்கே அனுப்புவோம். எழுதியவர் இல்லாதபோது பிள்ளைகளில் யாருக்கு அனுப்புவது என்பதைக் குடும்பம் சொல்லட்டும். வேண்டாம், அப்படியே அழித்துவிடுங்கள் என்று சொல்பவர்களின் கடிதத்தைத் திறக்காமலே அழிப்போம். அந்த வருடங்களில் சங்க முகவரிக்கு எழுதியவர்கள், அல்லது பெற்றவர்கள், பெயரையும் அப்போதிருந்த ஊரையும் குறித்துச் செயலாளரிடம் கொடுங்கள். இன்றைக்கு வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வர முடியாதவர்கள் எழுதி அறிவிக்கலாம். மூன்று மாதம் காத்திருப்போம்.

கணித டீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். கம்பி கட்டும் நாளில் அவரும் கடிகாரத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.